தொண்டையா, பட்டனா?

கேள்வி: ராஜ்யசபாவுல சீட்டுக்கு சீட்டு பட்டன் வெச்சிருக்காங்க. அப்புறமும் ‘ஆம்’, ‘இல்லை’னு கத்தவிட்டு, சத்தத்தை வெச்சே மசோதா பாஸ்ங்கிறாங்க. இந்தக் குரல் ஓட்டையே ஒழிச்சா என்ன? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: ஒழிக்க வேணாம் சார், கோபத்தை சரியான இடத்துல காட்டுங்க. குரல் ஓட்டுங்கிறது முதல் ரவுண்டு, அவ்வளவுதான். எல்லாரும் தலையாட்டுற சங்கதிக்கெல்லாம் பட்டன் அமுக்கிட்டிருந்தா விடிஞ்சிரும். ஆனா, ‘ஆம் என்போரே அதிகம்’னு அவைத்தலைவர் சொன்னதும் ஒருத்தர் ‘ஒத்துக்க மாட்டேன், டிவிஷன் வேணும்’னு, அதாவது ஓட்டை எண்ணிச் சொல்லுங்கன்னு கேட்டுட்டா கதை வேற. 252-வது விதிப்படி எழுந்து நிக்கச் சொல்லி தலையை எண்ணலாம், அதைச் செய்யலேன்னா டிவிஷனுக்கு உத்தரவு போட்டே ஆகணும். மணி அடிக்கும், வெளிய காபி குடிச்சிட்டிருக்கிறவங்க அரக்கப்பரக்க ஓடி வருவாங்க, மூணரை நிமிஷம் கழிச்சு மறுபடி கேப்பாங்க, அப்பவும் ஒத்துக்கலேன்னா பட்டன்தான்.

இது நடக்காமப் போனதுதான் 2020 செப்டம்பர் 20. ரெண்டு வேளாண் மசோதா. மசோதாவை அலசிப் பார்க்கிற எம்.பி.க்கள் குழுவான தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கன்னு திமுக எம்.பி. திருச்சி சிவா உட்பட சிலர் தீர்மானம் கொடுத்து டிவிஷன் கேட்டாங்க, துணைத்தலைவர் ஹரிவன்ஷ் குரல் ஓட்டுலயே முடிச்சிட்டார். சபைல ஒழுங்கு இல்ல, சீட்ல இருந்து கேக்கலைங்கிறது ஆட்சித் தரப்பு விளக்கம். சிவா சீட்ல நின்னுதான் கேட்டார்னு வீடியோவைப் பார்த்து பிறகு பத்திரிகைல எழுதினாங்க. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் மைக்கை உடைச்சது, மேஜை மேல ஏறினதையெல்லாம் நான் நியாயப்படுத்தல, மறுநாள் எட்டு பேரை சஸ்பெண்டும் பண்ணிட்டாங்க. ஆனா ஒண்ணு, அப்ப கொரோனா காலம், எம்.பி.க்களை ராஜ்யசபா, லோக்சபா ஹால், கேலரின்னு பரத்தி உக்கார வெச்சிருந்தாங்க. அந்தக் கூச்சல்ல, பக்கத்து ஹால்ல இருக்கிறவர் ‘இல்லை’ன்னது யார் காதுல விழும்?

எண்ணிக்கை மட்டும் இல்ல சார், டிவிஷன்ல பேர் பதிவாகும், அதான் சமாச்சாரம். 2019 டிசம்பர் 11, குடியுரிமை திருத்த மசோதா, ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுக ஆதரிச்சு ஓட்டு போட்டுச்சு. அந்த ஒரு பட்டனை திமுக மேடைக்கு மேடை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டிச்சுன்னு உங்களுக்கே தெரியும். குரல் ஓட்டா இருந்திருந்தா, ‘நாங்க வாயே திறக்கல’ன்னு சொல்லிட்டு ஜாலியா போயிருக்கலாம். கூட்டத்தோட கூட்டமா முணுமுணுத்துட்டு, ஊருக்கு வந்து வேற பேசுறது எல்லாக் கட்சிக்கும் சௌகரியம்தானே.

அந்த வேளாண் சட்டங்களை 2021 நவம்பர் 29ல வாபஸ் வாங்கினாங்களே, அதுவும் ரெண்டு சபைலயும் விவாதமே இல்லாம, குரல் ஓட்டுலதான். சட்டம் வந்த அன்னிக்கு ராஜ்யசபாவுல யார் யார் ‘ஆம்’னாங்க, போன அன்னிக்கு யார் யார் ‘ஆம்’னாங்கன்னு பேர் போட்ட லிஸ்ட்டைத் தேடிப் பாருங்க, ரெண்டுமே கிடைக்காது.