1250 இங்கிலாந்துக் கதை: ஒரே நாளில் யாரையும் சட்டத்துக்குப் புறம்பாக்க முடியாது

வணக்கம் நண்பரே. கொலைப்பழி விழுந்த மறுநாளே ஷெரிப் (கவுண்டி எனும் மாவட்டத்தில் அரசரின் அதிகாரி) உங்கள் நாயகனையும் அவன் மனைவியையும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள், அதாவது சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவர்கள், என்று அறிவிப்பது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது, அந்தக் காட்சியை மாற்றிவிடுங்கள்.

இந்த அறிவிப்பு கொலைக்கான தண்டனையே இல்லை. நீதிமன்றம் கூப்பிட்டும் வராததற்கான தண்டனை. கவுண்டி நீதிமன்றம் பெரும்பாலும் 28 நாளுக்கு ஒருமுறை கூடும். அடுத்தடுத்து ஐந்து அமர்வுகளில் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஐந்தாவதிலும் வராவிட்டால்தான் அறிவிப்பு. ஆக, முதல் அழைப்பிலிருந்து கிட்டத்தட்ட நான்கு மாதம். நாயகன் ஒளிந்து நாள் எண்ணும் இந்த இடைவெளி உங்கள் கதைக்குப் பெரிய வரம்!

மனைவிக்கு வேறு சொல். பன்னிரண்டு வயதானதும் ஆண்கள் சட்டத்துக்குள் வருவதாக உறுதிமொழி எடுப்பார்கள். பெண்களுக்கு அது கிடையாது. உள்ளே வராதவரை வெளியே தள்ள முடியாதே. அதனால் அவளைக் 'கைவிடப்பட்டவள்' என்பார்கள், விளைவு ஒன்றுதான்.

பொருள்கள் அரசருக்குப் போகும். நிலத்தை அரசர் ஓர் ஆண்டும் ஒரு நாளும் வைத்திருந்துவிட்டு, நிலப்பிரபுவிடம் விடுவார்.

'ஓநாய்த் தலை' என்ற பெயர் பழையது, கண்ட இடத்தில் கொல்லலாம் என்று பொருள். ஆனால் உங்கள் கதை நடக்கும் காலத்தில் தப்பியோடினாலோ எதிர்த்தாலோ மட்டுமே கொல்லலாம் என்கிறது அக்கால ஆங்கிலேய நீதிபதி பிராக்டனின் பெயரால் அறியப்படும் சட்டநூல்.

நாயகனை மீட்க அறிவிப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழையே போதும். பிற்காலத்தில், 1768-இல், ஆங்கிலேய அரசியல்வாதி ஜான் வில்க்ஸ் மீதான அறிவிப்பு ரத்தானது அப்படித்தான்: 'என் கவுண்டி நீதிமன்றத்தில்' என்று எழுதியவர்கள் அங்கே 'மிடில்செக்ஸ்' என்று கவுண்டியின் பெயரைச் சேர்க்க மறந்திருந்தார்கள்.