பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டியாச்சு. பழைய சிடி, ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். சிடியைப் போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கைப் போடாதீர்கள்.

வீட்டில் யாரோ "இந்தக் குப்பையை எப்போ எடுக்கப் போறே" என்று கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் நான் மைக் செட்காரன். தண்டையார்பேட்டையில் அப்பா 1978-ல் ஆரம்பித்த கடை. என் பதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்பா காலத்தில் இசைத்தட்டு. மூர் மார்க்கெட்டுக்குப் போய் பழைய தட்டுகளாகப் பொறுக்கி வருவார். 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்த பிறகு ரொம்ப நாள் சென்ட்ரல் பக்கமே போகவில்லை. அப்புறம் கேசட். கடையில் கிடைக்காத பாட்டென்றால் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்குவோம். 90 நிமிடக் கேசட்டில் நாடா மெல்லிசு, டெக்கில் சிக்கிக்கொள்ளும் என்று 60 நிமிடக் கேசட் தவிர வேறு வாங்க மாட்டார். அதற்கப்புறம் பர்மா பஜார் எம்பி3 சிடி, ஒரே தட்டில் 150 பாட்டு. திருட்டு சிடிதானே என்று இப்போதே யாரோ கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். ஆமாம், திருட்டு சிடிதான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பிறகு என் தம்பி மூன்று மாதம் உட்கார்ந்து கேசட் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஏறும், அதில் குறுக்கு வழியே கிடையாது.

இவ்வளவும் கையில் இருந்தும் நான் செயலிக்குப் போனேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ, யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது. மாதம் நூறு ரூபாய் சொச்சம். ஒரு நானூறு பாட்டை டவுன்லோடும் செய்து வைத்திருந்தேன். டிஸ்க் பீரோவுக்குள் போனது.

போன வருடம் கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பா காலத்திலிருந்து நமக்கு வேலை கொடுக்கிற குடும்பம். இறந்தவர் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல கேரம் ஆட்டக்காரர். காலை ஏழு மணிக்கெல்லாம் சந்து முனையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், வாசலில் ஒரு பாக்ஸ் கட்டிவிட்டேன். போனை மிக்சரில் செருகி, தத்துவப் பாட்டாகப் பார்த்து வரிசை போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் குழாயில் ஒரு பெண் குரல். சிரித்த குரல். உங்களுக்கு ஏற்ற வாழ்க்கைத் துணை வேண்டுமா, இன்றே பதிவு செய்யுங்கள் என்கிறது. கல்யாணத் தரகு விளம்பரம்! சந்து முழுக்கக் கேட்கிறது. உள்ளே அந்த அம்மா கணவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து வயரைப் பிடுங்குவதற்குள் விளம்பரம் முழுசாக முடிந்து அடுத்த பாட்டே ஆரம்பித்துவிட்டது.

இறந்தவரின் தம்பி வந்தார். "ஏம்பா, இன்னாது இது? எங்கண்ணன் படுத்துக் கெடக்கறாரு, நீ பொண்ணு பாக்கச் சொல்றியா?" நான் பதில் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது?

நடந்தது இதுதான். பேங்கில் பழைய கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருந்தது. செயலியில் புது எண்ணைப் போட மறந்துவிட்டேன். பணம் போகவில்லை, சந்தா அறுந்துபோய் இலவசக் கணக்காக மாறிவிட்டது. டவுன்லோட் பாட்டெல்லாம் எங்கே என்று பார்த்தால் ஒன்றுகூட ஓடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் டவுன்லோட் என்று நினைத்துக்கொண்டிருப்பது நம்முடைய கோப்பு இல்லை. செயலி மட்டும் திறக்கக்கூடிய பூட்டுப் போட்ட பெட்டி, சாவி அவர்களிடம். சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும் சில செயலிகளில் 30 நாளைக்கு ஒரு முறையாவது நெட்டில் போய் முகத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டி திறக்காது. பாட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தால் நேற்று வரை ஓடிய பாட்டு இன்று சாம்பல் நிறத்தில் நிற்கும்.

என் தம்பிக்குப் போன் போட்டு டிஸ்க்கை எடுத்துவரச் சொன்னேன். வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடம்கூட ஆகாது. அவன் வந்து சேர ஐம்பது நிமிடம். கேட் மூடியிருந்தது. இந்தக் கேட்டைப் பற்றி வடசென்னைக்காரர்களிடம் கேட்டால் தனியாக ஒரு பதிலே எழுதுவார்கள். ஹார்பருக்குப் போகிற சரக்கு வண்டி, யார்டுக்குப் போகிற சரக்கு வண்டி, நடுவில் கும்மிடிப்பூண்டி லோக்கல். ஒன்று போனதும் திறப்பான் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று நிற்கும். பிள்ளைத்தாய்ச்சியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். தெற்கே இப்படி ஒரு கேட் இருந்தால் விட்டு வைத்திருப்பார்களா? சரி, அது வேறு கதை.

அந்த ஐம்பது நிமிடமும் குழாய் கட்டியிருந்தும் சத்தம் இல்லை. மைக் செட்காரனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் சேரில் இருந்த ஒரு பெரியவர், "விளம்பரத்துக்கு அவன் துட்டு குடுத்திருப்பான்ல நைனா, அதுல சாவு வூட்டுக்குப் பங்கு உண்டா?" என்றார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

டிஸ்க் வந்ததும் முதலில் போட்டது சினிமாப் பாட்டு இல்லை. 90-களில் அதே பேட்டையில் ஒரு சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிய கானா. டோலக்குக்குப் பக்கத்தில் அப்பா மைக்கை வைத்துக் கேசட்டில் பிடித்தது. நடுவில் நாய் குரைக்கும், யாரோ இருமுவார்கள். பாடியவர் இப்போது இல்லை. எந்தச் செயலியில் எப்படித் தேடினாலும் அது கிடைக்காது. இறந்தவரின் தம்பி ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழாய்க்குக் கீழே வந்து நின்றுகொண்டார். கூலியிலும் பைசா பிடிக்கவில்லை.

"தனி ஆளுக்கான சந்தாவை ஊருக்கே போட்டது தப்பு" என்று ஒருவர் வருவார், தெரியும். சரிதான். மதச் சடங்கிலும் கல்யாணக் கொண்டாட்டத்திலும் பாட்டுப் போடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் செயலியின் நிபந்தனையில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருக்கிறது. சந்தா கட்ட மறந்ததும் நான்தான். செயலிமேல் நான் வழக்குப் போடவில்லை.

சொந்தமாக வைத்திருப்பது மட்டும் சும்மா வருகிறதா என்றால், இல்லை. எங்கள் பக்கம் கடல் காற்றுக்கு ஆம்ப்ளிஃபயர் ஸ்குருவே துருப்பிடிக்கும். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் கடைக்குள் முட்டியளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த சிடிகளைக் கழுவித் துடைத்ததும் ஓடின, கேசட்டுகள் மக்கிப்போயின. ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் டிக் டிக் என்று சத்தம் போட்டுச் சாகும். அதனால் இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எங்களுடையதில் ஒன்று பெரம்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறது.

நீங்கள் மைக் செட் நடத்தப் போவதில்லை, புதுப் பாட்டு கேட்கச் செயலி போதும். சிடியில் இருப்பது எங்கும் கிடைக்கிற சினிமாப் பாட்டென்றால் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அட்டையில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

சந்தாவை நான் நிறுத்தவில்லை. புதுக் கார்டு எண்ணைப் போட்டுவிட்டேன், காலையில் கடை திறக்கும்போது எனக்கு மட்டும் ஓடுகிறது. வேலைக்குப் போகிற இடத்தில் போன் சைலண்டில், சட்டைப் பையில்.