செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆறு நண்பர்கள், எல்லோரும் பீர் பிரியர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேனோவில் ஆற்றோடு போய், கரையில் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்க ஆசை. எந்த ஆறு, என்ன எடுத்துப் போக வேண்டும், எதில் கவனம் தேவை?

மிசௌரி மாநிலத்தின் தெற்கில் ஓடும் கரன்ட் ஆற்றுக்குப் போங்கள். முதல் தடவை என்றால் ஏக்கர்ஸ் ஃபெர்ரியில் படகை இறக்கி ரவுண்ட் ஸ்பிரிங்கில் கரையேறுங்கள். ஏறத்தாழ 20 மைல், மூன்று பகல் இரண்டு இரவுக்குச் சரியான தூரம். உங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கரன்ட் ஆறும் அதன் துணையாறான ஜாக்ஸ் ஃபோர்க்கும் சேர்ந்து 134 மைல் நீளத்துக்கு 1964-இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதி. தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது.

இந்த ஆற்றைச் சொல்வதற்குக் காரணம் ஊற்றுகள். ஓசார்க் மலைப்பகுதியின் பல ஓடைகள் கோடையில் வற்றிப்போய், படகில் உட்கார்ந்து போவதற்குப் பதிலாகப் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டி வரும். கரன்ட் அப்படி இல்லை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து பெரிய பெரிய ஊற்றுகள் வந்து கலப்பதால் ஆண்டு முழுக்கப் படகு மிதக்கும். ஊற்று நீர் எந்த மாதமானாலும் 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீருக்கு நல்லது, தவறி விழுந்த ஆளுக்கு நல்லதல்ல.

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: பீர் கரைக்கு உரியது, படகுக்கு அல்ல. ஜூலை மாதச் சனிக்கிழமை இந்த ஆற்றுக்குப் போனால் காலை பத்து மணிக்கே கையில் பீர் கேனுடன் மிதப்பவர்களைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து இதுதான் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நாள் கணக்கைச் சுருக்கமாக வைத்தால் குடிக்காமல் ஓட்டுவது கஷ்டமே இல்லை. நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு இரண்டு, இரண்டரை மைல் போகும். முதல் நாள் மதியம் கிளம்பி ஆறு மைல், இரண்டாம் நாள் எட்டு அல்லது ஒன்பது, கடைசி நாள் மீதி. மூன்று மணிக்கெல்லாம் ஆற்றோரச் சரளைத் திட்டில் ஏறிவிட்டால் இருட்டுவதற்கு நாலைந்து மணி நேரம் கிடைக்கும். பீரை ரசித்துக் குடிக்க அது தாராளம். போதையில் படகு ஓட்டுவது பூங்கா எல்லைக்குள் குற்றம். மோட்டார் இல்லாத கேனோவும் அந்த விதியில் அடக்கம்.

இனி பீர்க் கணக்கு. ஆளுக்கு ஒரு சாயங்காலத்துக்கு நாலு கேன் என்றால் ஆறு பேருக்கு இரண்டு இரவுக்கு 48 கேன். 355 மில்லி கேன் ஒன்று ஏறக்குறைய 370 கிராம். மொத்தம் 18 கிலோ. வாங்கிய கையோடு சூடாகப் பெட்டிக்குள் போட்டால், 30 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்கவே கிட்டத்தட்ட 6 கிலோ ஐஸ் கரைந்துபோகும். அதாவது பயணம் தொடங்கும் முன்னாலேயே ஒரு மூட்டை ஐஸ் காலி. அதனால் ஒரு முழு நாள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகே கூலருக்கு மாற்றுங்கள். கூலரையும் முதல் நாள் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள்; வெயிலில் நின்ற கார் டிக்கியிலிருந்து எடுத்த பெட்டியின் சுவரே நிறைய ஐஸைத் தின்றுவிடும்.

ஐஸ் கட்டிகளை மூட்டையாக வாங்குவதைவிட, இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைப்பது மேல். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கரைந்த தண்ணீர் உணவில் சேராது, மூன்றாம் நாள் அதையே குடிக்கலாம். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும், பாட்டில் வெடிக்கும். பீருக்கு ஒரு கூலர், சாப்பாட்டுக்கு ஒரு கூலர் என்று கட்டாயம் பிரித்து வையுங்கள். பீர்ப் பெட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறப்பார்கள். கோழியும் முட்டையும் அதே பெட்டியில் இருந்தால் இரண்டாம் நாள் காலையில் நாறும். முதல் இரவுக்கான கறியைக் கல்லாக உறைய வைத்துக் கொண்டுபோனால் அதுவே கூடுதல் ஐஸ். காலைக்கு வறுத்த ரவை, தாளிப்புச் சாமான் தனிப் பொட்டலத்தில். உப்புமாவைப் போல ஒரே பாத்திரத்தில் வேலை முடியும் பலகாரம் ஆற்றங்கரைக்கு வேறில்லை.

என்ன பீர்? 4 முதல் 5 சதவீத லாகர், பில்ஸ்னர், கோதுமை பீர் வகைகளே வெயிலுக்குப் பொருந்தும். கசப்பு தூக்கலான ஏல் வகையான ஐபிஏ, அதுவும் 7 சதவீதத்தில் வேண்டும் என்பவருக்கு ராத்திரிக்கு ஒன்றிரண்டு போதும். கேன் எண்ணிக்கை குறையும், எடையும் குறையும். கேன்களை ஒரு வலைப்பையில் போட்டு, ஆற்றோரம் முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லோடு கட்டிவைத்தால் ஐஸே இல்லாமல் ஏல் குடிக்கிற பதத்துக்குக் குளிரும். லாகருக்கு அந்தக் குளிர் போதாது. ஐஸை லாகருக்கு ஒதுக்கி ஏலை ஆற்றிடம் ஒப்படையுங்கள்.

பாட்டில் கூடவே கூடாது. மிசௌரி சட்டப்படி கேனோவில் கண்ணாடிப் புட்டி எடுத்துப்போவது தண்டனைக்குரியது. தெர்மோகோல் கூலருக்கும் தடை. கூலரின் மூடி இறுக்கமாக மூடுவதாக இருக்க வேண்டும். குப்பைக்கு வலைப்பை படகில் இருந்தாக வேண்டும். நாலு கேலனுக்கு மேல் கொள்ளும் மதுப் பாத்திரமும் ஆற்றில் கூடாது. வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர் யாராவது இருந்தால் இது முக்கியம்: அவர் வைத்திருக்கும் வழக்கமான கார்னி கெக் (பீர் அடைக்கும் எஃகு உருளை) ஐந்து கேலன், ஆகவே ஆகாது. அதற்கு வழி உண்டு. கெக்கை நன்றாகக் குளிர வைத்து, அதிலிருந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் மெதுவாகப் பிடியுங்கள். கழுத்துவரை வந்ததும் பாட்டிலைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, கேஸ் ஏற்றும் மூடியைப் போட்டு கார்பன் டை ஆக்ஸைடு கொடுங்கள். பாட்டில் மறுபடி விறைப்பாகும். மூன்று நாள் கெடாது. பாட்டிலிலேயே புளிக்க வைத்த பீரைக் கொண்டுபோகாதீர்கள். அடிமண்டி முழுக்கக் கலங்கி, ஊற்றும்போது பாதி நுரையாகப் போகும்.

படகில் ஏற்றுவதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கோட்டை விடுகின்றன. ஆறு பேருக்கு மூன்று கேனோ, 16 அல்லது 17 அடி நீளம். வாடகைக்கு பிளாஸ்டிக், அலுமினியம் இரண்டும் கிடைத்தால் பிளாஸ்டிக்கை எடுங்கள். ஆழமில்லாத இடத்தில் அது கல்லின் மேல் வழுக்கிப் போகும், அலுமினியம் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு கூலரையும் ஒரே படகில் வைக்காதீர்கள். கனமானதை நடுக் குறுக்குச் சட்டத்துக்குச் சற்றுப் பின்னால், அடித்தளத்திலேயே வையுங்கள். இருக்கையின் மேல் உயர்த்தி வைத்தால் படகு ஆட்டம் காணும். சாமானெல்லாம் ஏறிய பிறகு கரையிலிருந்து பாருங்கள்: பின்முனை ஓரிரு விரல் தாழ்ந்திருக்க வேண்டும். முன்முனை தாழ்ந்தால் பின்னால் இருப்பவர் என்ன துடுப்புப் போட்டாலும் படகு திரும்பத் திரும்பக் குறுக்கே போகும்.

கூலரைக் கொக்கிப் பட்டையால் மூடியோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நீளமான கயிறு தொங்கவே கூடாது. கவிழும்போது காலில் சுற்றிக்கொள்வது அதுதான். இறுகக் கட்டிய மூடிய கூலர், கவிழ்ந்த படகுக்குள் தண்ணீர் புகும் இடத்தை அடைத்துக்கொள்வதால் படகு கொஞ்சம் மேலேயே மிதக்கும். கட்டாமல் விட்டால் அடுத்த வளைவுக்கு முன்னாலேயே பீர் போய்விடும்.

கரன்ட் ஆற்றில் பெரிய அருவியோ பாறைச் சரிவோ இல்லை. ஆபத்து மரங்களில் இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் கரை அரித்து, சிகமோர் மரம் வேரோடு சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போகும். ஆளும் படகும் போக முடியாது, அழுத்தத்தில் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நீரோட்டம் இயல்பாகவே படகை அந்தப் பக்கம்தான் தள்ளும். வளைவு தெரிந்தவுடனேயே உள்பக்கத்துக்கு வந்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் முன்னோக்கி வேகமாகப் போடாமல், பின்முனையை உள்பக்கக் கரையை நோக்கிச் சாய்த்து இருவரும் பின்னோக்கித் துடுப்புப் போடுங்கள். வேகம் குறைந்து படகு பக்கவாட்டில் நகர்ந்து தப்பும். மரத்திலோ பாறையிலோ படகு குறுக்காக மோதிவிட்டால் அந்தத் தடையை நோக்கிச் சாயுங்கள். பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்வார்கள்; மேலோட்டப் பக்க விளிம்பு தாழ்ந்து ஒரே நொடியில் படகு நிறைந்துவிடும்.

தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து போங்கள். ஓட்டமுள்ள முழங்கால் ஆழத்துக்கு மேல் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் குப்புறத் தள்ளி அமுக்கும். எதிரே விழுந்த மரம் வந்துவிட்டது, விலக வழியில்லை என்றால் மட்டும் புரண்டு, தலை முன்னால் இருக்கும்படி வேகமாக நீந்தி அதன் மேல் ஏறிவிட வேண்டும். இதையெல்லாம் செய்ய நிதானம் வேண்டும். 14 டிகிரித் தண்ணீரில் மது அருந்திய உடம்பு இன்னும் வேகமாகச் சூட்டை இழக்கும், கை சொன்ன பேச்சுக் கேட்காது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் போட்டே தீர வேண்டும். பெரியவர்களும் ஜிப்பை மூடிப் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்துப் படுக்கும் தலையணையாக அது யாரையும் காப்பாற்றாது.

தங்குவதற்குச் சரளைத் திட்டுகள் வழி நெடுகக் கிடைக்கும். அமைக்கப்பட்ட முகாம்களிலிருந்து அரை மைலுக்குள் திட்டில் தங்கக் கூடாது. ஏக்கர்ஸுக்கும் அதற்குக் கீழே உள்ள புல்டைட் முகாமுக்கும் பாதி வழியில் வரும் கேவ் ஸ்பிரிங் ஊற்றில் படகோடு குகை வாய்க்குள் போகலாம்; டார்ச் கையில் இருக்கட்டும். அதைத் தாண்டி, ஆற்றைவிட நன்றாக உயர்ந்த, பின்னால் ஏறிப்போக மேடு உள்ள திட்டாகப் பாருங்கள். தீவு போலச் சுற்றிலும் தண்ணீர் உள்ளது வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்பகுதியில் பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும். படுக்கும் முன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, எழும்போதெல்லாம் பாருங்கள். படகுகளை மேலே இழுத்துக் கவிழ்த்து மரத்தில் கட்டுங்கள். கீழே வான் பியூரன் ஊரில் 2017 ஏப்ரல் 30 அன்று ஆறு 37 அடியைத் தாண்டியது. அதற்கு முந்தைய உச்சம் 1904-இன் 29 அடி. கிளம்பும் காலையில் ஏக்கர்ஸ் நீர்மட்ட அளவீட்டை இணையத்தில் பாருங்கள். வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஆற்றுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது.

சாதாரண டென்ட் ஆணி சரளையில் நிற்காது. ஒரு முழ நீளக் குச்சியில் டென்ட் கயிற்றைக் கட்டி, குச்சியைப் படுக்க வைத்து அதன் மேல் தலையளவு கற்களை அடுக்குங்கள், காற்று அசைக்காது. சமையலுக்குத் திட்டில் ஒதுங்கிய காய்ந்த விறகே போதும். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரத்தை அழிக்கும் மரகதப் பச்சை வண்டு மிசௌரியில் 2008 முதல் இருக்கிறது, விறகு வழியேதான் ஊர் ஊராகப் பரவுகிறது. ராத்திரி கூலர்களைப் பட்டை போட்டுக் கட்டி மேலே கல் வையுங்கள். ரக்கூன் சாதாரண தாழ்ப்பாளைச் சுலபமாகத் திறந்துவிடும்.

ஊற்று கண்ணாடி போல இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறையின் ஓட்டைகள் வழியாக மேற்பரப்புத் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஊற்றுக்கு வந்துவிடும். அதே காரணத்தால் கழிவு விஷயத்திலும் கறாராக இருங்கள்: தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி, அல்லது அதற்கென உள்ள பை. குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், பீர் கணக்கில் சேராது.

படகு வாடகைக்காரரிடம் உங்கள் காரை முன்கூட்டியே ரவுண்ட் ஸ்பிரிங்கில் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். இறங்கும் இடத்தில் கார் காத்திருந்தால் யாருக்காகவும் காத்துக் கிடக்க வேண்டாம். மாற்றுச் சாவி ஒருவரின் நீர் புகாத பையில், அந்தப் பை படகோடு கட்டப்பட்டு. கடைசி நாள் காலையில் எவரும் கேனைத் தொடக் கூடாது. மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். மே மாத நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ வார நாளாகப் பார்த்துப் போங்கள். வீடு திரும்பிய அன்றே மிஞ்சிய கேன், மிஞ்சிய ஐஸ், அன்றைய நீர்மட்டம் மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டுக்கான பட்டியலை அதை வைத்துப் போடலாம்.