ஏழு மணி நேரம் தூங்கியும் கார் ஓட்டும்போது கண் சொருகுவது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. தினமும் ஏழு மணி நேரம் தூங்குகிறேன். ஆனாலும் கார் ஓட்டத் தொடங்கிய அரை மணி நேரத்தில் கண் சொருகுகிறது. போன வாரம் வண்டி சாலையோரமாக ஒதுங்கியபோது, பக்கத்தில் இருந்த மனைவி சத்தம் போட்டதால் தப்பித்தோம். பலமாகக் குறட்டை விடுகிறேன் என்கிறார் அவர். ரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வாமைத் தும்மலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இது வயதுக் களைப்பா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்க வேண்டும், இந்த வாரமே. அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால், 100 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று பொருள். இதில் கொடுமை, கண்ணயர்ந்தது பல நேரம் நமக்கே தெரியாது. கடைசியாக வந்த சில கிலோமீட்டர் நினைவிலேயே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

குறைவாகத் தூங்குகிறவருக்குப் பகலில் தூக்கம் வருவது இயல்பு. போதுமான நேரம் தூங்கியும் வருகிறது என்றால் அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. உங்களிடம் குறட்டையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருப்பதால், என் முதல் சந்தேகம் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் மீதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதையே அடைபட்டு, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும். அடுத்த கணமே மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு ஐந்து முறை நடந்தாலே மருத்துவர்கள் கவனிப்பார்கள். 30 முறையைத் தொட்டால் அது கடுமையான நிலை. அப்படிப்பட்டவர் ஏழு மணி நேரம் படுத்திருந்தார் என்று சொல்லலாம், தூங்கினார் என்று சொல்ல முடியாது.

இதற்கு உங்கள் மனைவியைவிட நல்ல சாட்சி இல்லை. குறட்டை நடுவில் சட்டென்று நின்று, அறையே அமைதியாகி, பிறகு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறதா என்று அவரிடம் கேளுங்கள். முடிந்தால் விடியற்காலை நேரத்தில் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்றாலும், தாடை சிறுத்த ஒல்லியானவர்களையும் விடுவதில்லை. இரவில் செய்யும் தூக்க ஆய்வில் உறுதியானால், சிபாப் என்ற காற்றழுத்தக் கருவி பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது.

அடுத்தது மாத்திரைகள். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் நன்றாகத் தூங்க வைப்பவை. இரவில் போட்டாலும் மயக்கம் மறுநாள் காலைவரை நீளலாம். செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். பல இருமல் மருந்துகள், பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபம், நரம்பு வலிக்கான பிரிகாபலின், வலி மருந்தான டிரமடால் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்த மாத்திரையை. எல்லா அட்டைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். தூக்கம் தராத மாற்று மருந்து பெரும்பாலும் கிடைக்கும்.

தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் பகலில் அசதி தரும்; முதல் இரண்டையும் எளிய ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போகிறவர், நினைத்திராத நேரத்தில் தூங்கிவிடுகிறவர் நார்கோலெப்சி என்ற அரிய நோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

டாக்டரிடம் போகுமுன் பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோல் என்ற கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போனால் பேச்சு எளிதாகும். 1991-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் வெளியிட்டது அது. எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 10-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டிய தூக்கம். ஓட்டும் வேலை போய்விடுமோ என்று பயந்து மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குணப்படுத்தக்கூடிய நோயை மறைத்து வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

சிகிச்சைக்குப் பிறகும் என்றாவது வழியில் தூக்கம் வந்தால், ஜன்னலைத் திறப்பதையும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதையும் நம்பாதீர்கள். பத்திரமான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

தூக்கம் போல இல்லாமல் சட்டென்று நினைவு தப்பினால் கதை வேறு. இதயத் துடிப்புக் கோளாறோ வலிப்போ இருக்கலாம். சந்திப்பு நேரத்துக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், குழப்பத்தோடு அசதி வந்தால், வண்டியை நிறுத்தி உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட வேண்டும். சர்க்கரை அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரமாவது ஓட்டக் கூடாது.