சோலிங்கனில் இரண்டு படுகொலைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக டுசல்டார்ஃபில் வேலை பார்க்கிறேன். 2024 ஆகஸ்டில் பக்கத்து ஊரான சோலிங்கனில், நகரத் திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்து ஒரு சிரிய அகதி மூன்று பேரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அதன் பிறகு அலுவலகத்தில் ஜெர்மன் நண்பர்கள் பேசுவதைக் கேட்டால், அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. அறுபது வருடமாக இங்கே இருக்கும் துருக்கியர்களே தனித்தெரு, தனிக்கடை, தனி மசூதி என்றுதானே வாழ்கிறார்கள்? நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியது வந்தவர்கள்தானே?

கே.

அன்புள்ள கே.,

சோலிங்கன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1993 மே 29. அன்று அதிகாலையில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்கு நான்கு ஜெர்மன் இளைஞர்கள் தீ வைத்தார்கள். செத்த ஐந்து பேருமே பெண்களும் சிறுமிகளும்தான். அந்த வீட்டு அம்மா மெவ்லூதே கெஞ்ச்சுக்கு இரண்டு மகள்கள், இரண்டு பேத்திகள், ஒரு உறவுக்காரப் பெண் ஒரே இரவில் போய்விட்டார்கள். இரங்கல் நிகழ்ச்சிக்கு அன்றைய சான்சலர் ஹெல்முட் கோல் வரவில்லை. அந்த அம்மாவோ பழிவாங்கும் பேச்சே வேண்டாம் என்றார், பிறகு ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். 2022இல் இறக்கும் வரை சோலிங்கனை விட்டுப் போகவில்லை. இதற்கு மேலும் அவர் எதைச் சம்பாதித்திருக்க வேண்டும்?

கத்திக்காரனின் கதை வேறு. 2022 இறுதியில் வந்தவன். வந்த வழியான பல்கேரியாவுக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அதிகாரிகள் கோட்டை விட்டார்கள். உங்கள் நண்பர்களின் பயம் பொய்யில்லை, கோபமும் நியாயம்தான். ஆனால் அவனுக்கும், தாத்தா காலத்திலிருந்து அங்கே ஆலையில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கும் மதத்தைத் தவிர என்ன சம்பந்தம்?

தனித்தெரு விஷயத்துக்கு வருவோம். 1961இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபோது அவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. இரண்டு வருடத்தில் திரும்பிப் போய்விடுவார்கள் என்று கணக்கு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி வேலை பழக்குவது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை, 1964இல் அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். விருந்தாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. விருந்தாளிக்கு எதற்கு மொழி வகுப்பு? வந்தவர்களும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றே நாளை ஓட்டினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்த்த பொய் அது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்ற சட்டம் 2000இல்தான் வந்தது, அதுவும் நிபந்தனைகளோடு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஜெர்மனியிலேயே ஹாம் ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அக்கம்பக்கத்தார் புகார் சொல்லித்தான் அந்தக் கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஈழத்தமிழர்கள் அங்கே கூடுவதை ஒதுங்கி வாழ்வது என்று நீங்கள் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள், நானும்தான்.

மசூதி பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தனி மசூதி இருப்பதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அங்கே பிரசங்கம் செய்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். 1984இல் கொலோனில் தொடங்கிய டிட்டிப் அமைப்பின் மசூதிகளுக்கு இமாம்களை அனுப்பிச் சம்பளமும் கொடுத்து வந்தது துருக்கி அரசின் மத இலாகா. 2017இல் அந்த இமாம்களில் சிலர் துருக்கி அதிபர் எர்டோகனின் எதிரிகளைப் பற்றித் தகவல் அனுப்பினார்கள் என்று ஜெர்மன் போலீஸ் அவர்கள் வீடுகளில் சோதனை போட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இத்தனை வருடம் அந்தச் செலவு தன் தலையில் விழாமல் இருப்பது ஜெர்மன் அரசுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. துருக்கியிலிருந்து அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தி, வருடத்துக்கு நூறு இமாம்களை ஜெர்மனியிலேயே பயிற்றுவிப்பது என்று 2023 டிசம்பரில்தான் ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்து அதற்குள் 62 வருடம் ஆகிவிட்டது.