பழைய கார் பேனல் நம் காருக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதவு, பானட், ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), டிக்கி மூடி போன்ற வெளித் தகடுகள்தான் பாடி பேனல். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் போய் "ஸ்விஃப்ட் ஃபெண்டர்" என்று மட்டும் கேட்டால் போதாது. 2005-இல் வந்த ஸ்விஃப்ட், 2011, 2018, 2024 என மூன்று முறை உடம்பையே மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தகட்டை அழுத்தும் அச்சு வேறு. அதனால் போல்ட் துளை, மடிப்புக் கோடு எல்லாம் தள்ளிப்போகும். சின்னக் குக்கரின் மூடியை வாய் அகலமான பெரிய குக்கரில் மாட்டுகிற கதைதான். ஆர்.சி.யில் உற்பத்தி மாதம், ஆண்டு இருக்கும்; அதைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழைய தகட்டையே கொண்டுபோய்த் துளைமேல் துளை வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு காந்தம்: இரும்புத் தகட்டில் அது ஒட்டாமல் நழுவினால், பெயின்டுக்கு அடியில் நெளிவை மறைக்கத் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். அதே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் செலவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு கார்களும் வெயிலில் ஒரே அளவு வெளுத்திருக்காது; அதனால் நிறம் ஒத்துப்போகாது.