மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் ஏன் பூங்கா மாதிரி இருக்கிறது?

ஊருக்கு வெளியே மரம், மேடு, குளம் என்று தோட்டமாகவே அமைத்த இடுகாட்டை அமெரிக்காவில் 'ரூரல் செமட்டரி' என்பார்கள். அங்கே இதற்கு முன்னோடி, பாஸ்டனை ஒட்டி 1831-இல் தொடங்கிய மவுண்ட் ஆபர்ன்.

காரணம் இடநெருக்கடி. பாஸ்டன் தேவாலய வளாகங்களில் புதைக்க இடமில்லை. அங்கிருந்து கிளம்பும் கெட்ட காற்றால் நோய் பரவும் என்றும் அன்று நம்பினார்கள். மருத்துவரும் தாவரவியலாளருமான ஜேக்கப் பிகலோ மாற்று இடம் தேட, மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் கைகொடுத்தது. பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் (1804) முன்மாதிரியாக இருந்தது.

வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது பாதைகள்தான். வீட்டுமனை போடுகிறவர்கள் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி நேர்கோடு கிழிப்பார்கள். இங்கே அப்படியில்லை, மலைப்பாதை மாதிரி மேடு பள்ளத்தை அனுசரித்தே வளைந்து போகும். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பாதைகளுக்கு மரம், செடிகளின் பெயர்கள் வேறு! பெரிய பொதுப் பூங்காக்கள் இல்லாத காலம் என்பதால் மக்கள் உலாவவே வந்தார்கள். பின்னாளில் நகரப் பூங்காக்கள் உருவாகவும் இது தூண்டுதலானது.

'ரூரல்' என்றதும் கிராமத்து இடுகாடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது நகரத்தார் தங்களுக்காகத் திட்டமிட்டு அமைத்தது.